படைக்கலமும் உரிமமும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொல்லாமை என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். கொல்லாமையைப் பிறந்த நாள்தொட்டுக் கடைப்பிடித்து வரும் உங்கள்முன் அதன் பெருமையை நான் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே கொல்லும் கருவியைப் பற்றிப் பேச எண்ணினேன். ஒரு குடிமகன் தன் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கலாமா, வைத்திருக்க அரசின் உரிமம் வேண்டுமா, அவ்வுரிமத்தை அரசு எவர்க்குத் தரலாம், எவர்க்கு மறுக்கலாம் என்பதே பொருள். இது அமெரிக்க நாட்டார்க்குரிய வழக்கு என்று சிலர் கருதுவர். சோழபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடரின் அடிவாரத்தில், சேத்தூர், தேவதானம் பக்கத்து உழவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள். பன்றியைப் பற்றியும் உரிமத்தைப் பற்றியும் விடியுமட்டும் சொல்வார்கள்.

முதலில் ஒரு பழங்கதை. நம் பகுதி பாளையக்காரர் சீமை. ஒவ்வொரு பாளையத்திலும் கோட்டையும் காவலும் இருந்தன. ஊர்க்காவல் செய்தோர் வேலும் வளரியும் துப்பாக்கியும் வைத்திருந்தனர். அதற்கு எவரும் எவரிடமும் சீட்டு வாங்கியதில்லை. 1799ஆம் ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின்னர், கும்பினிப் படைத் தலைவன் பானர்மேன் பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டான். மருது சகோதரர் வீழ்ந்தபின், 1801 டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பும் அதனையே உறுதி செய்தது. ஆயுதம் என்பது குடியின் உடைமை என்றிருந்த நிலை மாறி, அரசு விட்டுவைத்தால் இருக்கும் பொருள் என்றாகியது இந்த மண்ணில் அப்போதுதான். டில்லியிலும் வங்கத்திலும் இக்கேள்வி எழுமுன்னே நெல்லைச் சீமையில் எழுந்துவிட்டது என்பதை நம் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

இந்தியா முழுமைக்குமான படைக்கலச் சட்டம் 1878இல் வந்தது. அப்போதைய அரசப் பிரதிநிதி லிட்டன். அதே ஆண்டில் அவர் கொண்டுவந்த மற்றொரு சட்டம் நாட்டுமொழி இதழ்களை அடக்கும் சட்டம். தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விரண்டும் ஒரே ஆண்டில் வந்தமை மறக்கவொண்ணாத செய்தி. கையிலிருந்த எழுதுகோலையும் தோளிலிருந்த துப்பாக்கியையும் ஒரே மூச்சில் பறித்தார்கள். இதழ்ச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளில் நீக்கிவிட்டார். படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நின்றது. அச்சட்டத்தில் இந்தியர்க்கு உரிமம் வேண்டும். ஐரோப்பியர்க்கு விலக்கு உண்டு. மக்களைச் சுட்டது அந்த வேறுபாடுதான். 1887இல் சென்னையில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாட்டிலேயே இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதனை ஆதரித்துப் பேசியவர்களுள் இளைஞர் விபின் சந்திர பாலும் ஒருவர்.

இன்னொரு பெயர் உங்களை வியக்கவைக்கும். ஒரு நாட்டு மக்கள் அனைவரிடமிருந்தும் ஆயுதத்தைப் பறித்த சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியதாக வரலாறு கருதும் என்று எழுதியவர் காந்தியடிகள். 1918இல் குசராத்தில் படைக்கு ஆள் திரட்டியபோது அவர் வெளியிட்ட துண்டறிக்கையில் அக்கருத்து இருந்ததைத் தம் தன்வரலாற்றிலேயே குறிப்பிடுகிறார். இன்றும் துப்பாக்கி உரிமையை வேண்டுவோர் இதனை எடுத்துக்காட்டுவதுண்டு. எடுத்துக்காட்டுவோர் அவர் வாழ்வின் எஞ்சிய முப்பது ஆண்டுகளை எடுத்துக்காட்டுவதில்லை. ஆயினும் அவர் சொன்னது சொன்னதே. நாம் மறைக்க வேண்டியதில்லை. அஞ்சி ஆயுதம் தொடாதவனுக்கும் ஆற்றல் இருந்தும் தொடாதவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் இறுதிவரை வற்புறுத்தினார். முன்னதை அவர் அகிம்சை என்று ஒப்பவில்லை.

1931இல் கராச்சியில் கூடிய காங்கிரசு, வருங்கால இந்தியக் குடிமகனுக்குரிய அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டது. ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் நம் அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் அவ்வுரிமை இல்லை. இடையில் என்ன நிகழ்ந்தது? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அயலார் ஆட்சி நம்மை வேண்டுமென்றே நிராயுதபாணியாக்கியிருந்த காலத்தில் அக்கோரிக்கை எழுந்தது இயல்பு. தன்னாட்சி பெற்ற நாட்டில், எவரும் கடைக்குச் சென்று தாக்கும் கருவியைத் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு எவ்வாறு நடைபெறும் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது.

அவ்விவாதம் நடந்தபோது காந்தியடிகள் மறைந்து பத்துத் திங்கள் கழிந்திருந்தது. குவாலியரில் கைமாறி வந்த ஓர் இத்தாலியக் கைத்துப்பாக்கியால் அவர் சுடப்பட்டார். சபையில் எவரும் அதனைச் சுட்டிப் பேசினார் என்று நான் கூற வரவில்லை. அவ்வவையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவர் நெஞ்சிலும் அது இருந்திராமல் இராது என்பது என் ஊகம்.

இன்று நடைமுறையிலிருப்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம். அது 1962 அக்டோபரில் செயலுக்கு வந்தது. விதிகள் 2016இல் புதிதாக வகுக்கப்பட்டன. 2019இல் சட்டமும் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. திருமணத்திலும் திருவிழாவிலும் வானை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரச் செய்தால் ஈராண்டு வரை சிறை என்பதும் புதிதாகச் சேர்ந்தது. அது வடநாட்டு வழக்கம். நம் பக்கத்தில் வாணவேடிக்கையோடு நின்றுவிடுகிறோம்.

இச்சட்டத்தை முழுவதும் படித்தோர் நம்முள் மிகச் சிலர். என்னிடம் மனு எழுத வருவோர் பொருட்டு நான் படிக்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு ஊரில் இரண்டு வேலைகள் உண்டு: திருமண வாழ்த்துமடல் எழுதுவது ஒன்று, அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது மற்றொன்று. முன்னதில் கிடைக்கும் தாம்பூலம் பின்னதில் கிடைப்பதில்லை. படித்தபோது கண்டது இது. சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு உழவனை மறக்கவில்லை. பயிரைக் காக்கும் உண்மையான நோக்கத்திற்காகக் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்பவர்க்கு, வேறு தடை இல்லாவிடில் உரிமம் வழங்க வேண்டும் என்றே அது சொல்கிறது. அத்துப்பாக்கி போதாத இடத்தில் வேறுவகைத் துப்பாக்கிக்கும் வழி உண்டு. சொத்து இல்லை என்னும் ஒரே காரணத்தால் மறுக்கக்கூடாது என்கிறது பதினான்காம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொதுநலன் கருதிச் சொல்லாமல் விடுவதென்றாலன்றி, கேட்டவர்க்கு அதனைத் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் இடமுண்டு. காவல்துறையின் அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், உரிமம் வழங்கும் அலுவலர் அதற்குக் காத்திராமலே முடிவு செய்யலாம். இருபத்தோரு வயது நிரம்பாதவர்க்கும், வன்செயல் முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றுக் குறித்த காலம் கழியாதவர்க்கும், மனநலம் குன்றியவர்க்கும் கிடையாது. படிக்கும்போது நல்ல சட்டம் என்றே தோன்றுகிறது.

அமெரிக்காவில் இக்கேள்வி வேறுவிதமாக நிற்கிறது. அங்கே 1791இல் செய்த இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமை என்று கூறுகிறது. ஆகவே அங்கே அரசுதான் தன் தடைக்குக் காரணம் காட்ட வேண்டும். இங்கே குடிமகன்தான் தன் தேவைக்குக் காரணம் காட்ட வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கைத்துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்திச் செல்ல விரும்புவோர் தனிப்பட்ட தேவையை மெய்ப்பிக்க வேண்டும் என்றொரு விதி நூறாண்டுக்கு மேலாக இருந்தது. 2022இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. மிசூரி மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்க முன்அனுமதி பெறவேண்டும் என்ற சட்டத்தை 2007இல் நீக்கினார்கள். அதன்பின் துப்பாக்கிக் கொலைகள் கூடின என்று பொதுச்சுகாதார ஆய்வாளர்கள் எழுதினார்கள். உரிமை வேண்டுவோர் அவ்வாய்வின் முறையை மறுத்தார்கள். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

உரிமம் வேண்டாம் என்போரின் வாதத்தை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. கொலைஞன் உரிமம் கேட்டு வரிசையில் நிற்பதில்லை என்கிறார்கள். உண்மை. காந்தியடிகளைக் கொன்ற துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட துப்பாக்கியும் எந்தக் கலெக்டர் கச்சேரியிலும் பதிவானதன்று. அது படைக்கலச் சட்டம் மிகக் கடுமையாக இருந்த காலம். நல்லவனைக் கட்டிப்போட்டுத் தீயவனை அவிழ்த்து விடுகிறது சட்டம் என்பது அவர்கள் முறையீடு. மற்றொரு முறையீடும் உண்டு: உரிமம் என்பது செல்வாக்குடையவன் கையில் அணிகலனாகவும், இல்லாதவன் கண்ணில் கானல்நீராகவும் ஆகிவிடுகிறது என்பது. வீட்டு வரவேற்பறையில் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து மாட்டி வைத்திருப்போரை நாம் அறிவோம். அவர்கள் காக்கும் பயிர் எது என்று எவரும் கேட்டதில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். என் தலைமுறையினர் சிறுவராக இருந்தபோது ஊரே அதிர்ந்த செய்தி ஒன்று. 1967 சனவரி 12ஆம் நாள் இராமாவரம் இல்லத்தில் மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டதாகத் தண்டனை பெற்றவர் நடிகவேள் எம்.ஆர். இராதா. இருவரும் ஒரே தொழிலில் இருந்தவர்கள், பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். உரையாடல் முற்றிய நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருந்தது. இருவரும் உயிர் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய குரலாக மீளவில்லை. கள்வனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் அஞ்சித் துப்பாக்கி வாங்குகிறோம். அது வெடிப்பதோ பலவேளை அறிந்தவர்க்கிடையே, சினம் தலைக்கேறிய அரைநாழிகையில். உரிமம் கேட்பவனைச் சில திங்கள் காத்திருக்கச் செய்வதில் ஓர் அறம் உண்டு. அவன் சினம் ஆற அது இடம் தருகிறது. ஆதலால் உரிமம் வேண்டும் என்னும் பக்கமே நான் நிற்கிறேன்.

இங்கே உங்கள் நூல்கள் எனக்குத் துணை செய்கின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் என்னும் நூலைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது. இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் ஒன்றாகப் பயனில் தண்டம் விலக்கல் அந்நெறியில் கூறப்படுகிறது. அதன் ஐந்து வகைகளுள் ஒன்று இம்சாதானம், அதாவது கொல்லும் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல். வாள், கோடரி, விலங்குச் சங்கிலி, நெருப்பு ஆகியவற்றைக் கொடுப்பவனும் பொறுப்பிலிருந்து தப்புவதில்லை என்பது அதன் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கருவியை ஏந்துபவனோடு நில்லாமல் வழங்குபவனையும் கேள்வி கேட்ட நெறி இது. உரிமம் வழங்கும் அலுவலர் கையெழுத்திடும்போது செய்வதும் ஒருவகைத் தானமே. எவர்க்கு, எதற்கு என்று கேளாமல் அத்தானத்தைச் செய்யக்கூடாது.

இம்சையை நான்காகப் பகுத்ததும் உங்கள் சான்றோரே. வேண்டுமென்றே கருதிச் செய்வது ஒன்று. சமையல் முதலிய இல்லத்து வேலையில் நேர்வது ஒன்று. உழவு முதலிய தொழிலில் நேர்வது ஒன்று. தாக்குவோரை எதிர்ப்பதில் நேர்வது ஒன்று. துறவிக்கு நான்கும் இல்லை. இல்லறத்தான் முதலாவதை முற்றும் விட வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றமட்டும் குறைக்க வேண்டும். இளம்வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி 1894இல் சமணப் பெரியார் இராயசந்திரருக்கு இருபத்தேழு கேள்விகள் எழுதி அனுப்பினார். கடைசிக் கேள்வி, பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா என்பது. உடல் அழியக்கூடியது என்று உணர்ந்தவர்க்குக் கொல்ல நியாயமில்லை என்று விடையளித்த இராயசந்திரர், அவ்வுணர்வு வாராதவனுக்கு என்ன சொல்வது என்னுமிடத்தில் தயங்கினார். கொல் என்று எவர்க்கும் அறிவுரை கூற அவர் நா எழவில்லை. அந்தத் தயக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் உழவர் நிலையும் அந்தக் கேள்வியின் பக்கத்தில்தான் நிற்கிறது. பாம்புக்குப் பதில் பன்றி.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இன்று நாற்பது வயது கடந்தவர், அடிவாரத்தில் நான்கு ஏக்கரில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் இடுகிறார். அவர் தந்தை காலத்தில் வீட்டில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, உரிமத்தோடு. தந்தை மறைந்ததும் சட்டப்படி அதனைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்தார்கள். மகன் தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். எழுதித் தந்தவன் நான். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், காவல்நிலையம் என்று அவ்விண்ணப்பம் ஊர்வலம் போயிற்று. கொடுக்கிறோம் என்றும் சொல்லவில்லை, கொடுக்கமாட்டோம் என்றும் சொல்லவில்லை. மூன்று அறுவடை கழிந்தது. ஒருநாள் அவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, பக்கத்துத் தோட்டத்துல கம்பி இழுத்துக் கரண்டு குடுத்துட்டாங்க. நானும் அதையே செஞ்சுரட்டுமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். "அப்ப என்ன செய்ய?" என்றார். நான் விடை சொல்லவில்லை. காப்பி கொண்டுவரச் சொன்னேன்.

அந்தக் கம்பியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். துப்பாக்கி குறிபார்த்த ஒன்றைக் கொல்லும். வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சிய கம்பி பன்றியையும் கொல்லும், யானையையும் கொல்லும், மயிலையும் கொல்லும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கொல்லும், கம்பியைக் கட்டியவரின் பிள்ளையையும் கொல்லும். செய்தித்தாளில் இத்தகைய இறப்புகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். அவுட்டுக்காய் அதனினும் கொடிது. மாவிலோ பழத்திலோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்கள். கடித்த விலங்கின் வாய் சிதறும். உடனே சாவதில்லை. தாடை கிழிந்து, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாள்கணக்கில் அலைந்து சாகும். மேயப் போன பசுவும் கடிக்கும், யானைக்கன்றும் கடிக்கும். உரிமத்தை மறுத்தால் இம்சை குறையும் என்று நம்மில் நல்லுள்ளம் படைத்தோர் கருதுகிறோம். காரணம் சொல்லாமல், காலம் குறிக்காமல் மறுக்கப்படும் ஒவ்வோர் உரிமமும் எங்கோ ஒரு தோட்டத்தில் கம்பியாக நீள்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இங்கே ஒரு தெளிவு தேவை. பலர் துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று கருதுகிறார்கள். அவ்வாறன்று. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் படைக்கலச் சட்டத்தின் வழியே வருவது. காட்டுப்பன்றியைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பன்றி இன்று இருக்கிறது. பயிருக்கும் உயிருக்கும் கேடு விளைக்கும்போது தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ எழுத்தில் அனுமதித்தாலன்றிச் சுட இயலாது. உரிமம் பெற்ற துப்பாக்கியால் வெடியோசை எழுப்பி விரட்டலாமே என்பதுதான் பெரும்பாலான உழவர் கேட்பது. என் மாணவரும் அதைத்தான் கேட்டார். நம் சங்க நூல்களில் தினைப்புனம் காத்த பெண்கள் தட்டையும் தழலும் குளிரும் கொண்டு ஓசை எழுப்பியே விரட்டினார்கள் அல்லவா? (அதே நூல்களில் பன்றியை எய்து ஊரெல்லாம் பகுத்துண்ட செய்தியும் உண்டு. தமிழாசிரியன் அதை மறைத்தால் மாணவர்கள் சிரிப்பார்கள்.) இராசபாளையத்து நாய் உலகப்புகழ் பெற்றதும் இந்தக் காவலால்தான். இன்று அந்நாய் அடிவாரத் தோட்டங்களில் குறைவு. நகரத்து மாளிகை வாயில்களில் மிகுதி.

கேரளத்தார் 2022இல் இவ்வதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே வழங்கினார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரை அழைத்து அவர்கள் பன்றியைச் சுடச் செய்யலாம். தமிழக அரசு வேறுவழி கண்டது. 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர் சுடலாம். துப்பாக்கி குடிமகன் கைக்குப் போகவில்லை. நம் மாநில வழி எனக்கு உவப்பானது. ஆனால் பாருங்கள், இழப்பு மிகுதி அந்த முதல் கிலோமீட்டரில்தான். 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல்நிற அணில் சரணாலயமும், அதனை உள்ளடக்கி 2021இல் அமைந்த திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் நம் பெருமைகள். அப்பெருமையின் வேலியோரத்தில் குடியிருப்பவர்க்குச் சுடவும் வழியில்லை, விரட்ட உரிமமும் இல்லை. சூரிய மின்வேலி போடலாம். அது அதிர்ச்சி தரும், கொல்லாது. காட்டையொட்டிய பகுதியில் அதற்கும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி சரியானதே. முறையற்ற மின்வேலிகளைத் தடுக்க அது வேண்டும். அதற்கும் ஒரு விண்ணப்பம், அதற்கும் ஒரு காத்திருப்பு.

நரிக்குறவர் கதையை இரண்டொரு சொல்லில் கூறிக் கடக்கிறேன். நாட்டுத்துப்பாக்கியே அவர்கள் ஏர். அதுவே அவர்கள் சோறு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் வேட்டை குற்றமாயிற்று. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஊசிமணி பாசிமணி விற்க வந்தார்கள். கொல்லாமை வென்றது என்று நாம் மகிழ்ந்தோம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றும் சாதிச் சான்றும் கிடைக்க எத்தனை ஆண்டு பிடித்தது? பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் கையிலிருந்து கருவியை வாங்கும்போது வேறொன்றை உடனே கொடுத்திருக்க வேண்டும். ஐம்பதாண்டு தாழ்ந்தோம்.

குடகு நாட்டில் நிலை நேர்மாறு. அங்கே குடவர்க்கும் சம்மா நிலம் உடையோர்க்கும் உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. 1861இல் ஆங்கில அரசு தந்த விலக்கு அது. நம் ஒன்றிய அரசு 2019இல் அதனைப் பத்தாண்டுக்கு நீட்டியது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் செல்லும் என்றது. ஆண்டுதோறும் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடும் மக்கள் அவர்கள். அவ்விலக்கைக் காட்டி நமக்கும் வேண்டும் என்பாரோடு நான் உடன்படுவதில்லை. பிறப்பால் வரும் உரிமை எதுவும் எனக்கு ஐயத்துக்குரியதே.

நான் வேண்டுவது சிறிது. உரிமம் கடுமையாகவே இருக்கட்டும். கேட்பவன் யார், எதற்குக் கேட்கிறான், வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, பூட்டிவைக்க இடம் உண்டா, கையாளப் பயிற்சி பெற்றானா என்று ஆராயட்டும். ஆராய்ந்தபின் ஆம் என்றோ இல்லை என்றோ காலத்துக்குள் எழுத்தில் சொல்லட்டும். இல்லை என்றால் ஏன் என்று சொல்லட்டும். சட்டம் கேட்பதும் அவ்வளவே. இல்லை என்று எழுதும் அதே கோப்பில், அவன் பயிருக்கு வேறு காவல் என்ன என்று வேளாண்துறையும் வனத்துறையும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது நான் கூட்டிச் சொல்வது. தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் தேர்தல் முடிந்து வாரங்கள் கழிந்தும் கடலை பிடுங்கும் பருவத்தில் திரும்பக் கிடைக்காமல் அலைவோரை நான் அறிவேன். அலைந்து சலித்த சிலர் உரிமத்தைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். அவ்வீடுகளில் துப்பாக்கி இல்லாமற் போனது எனக்கு மகிழ்ச்சியே. அவர்கள் தோட்டத்தில் இரவில் என்ன இருக்கிறது என்று நினைத்தால் மகிழ்ச்சி நிலைப்பதில்லை.

அறக்கட்டளைப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாயில்லாச் சீவன்களுக்குத் தண்ணீரும் தீவனமும் வைப்பவர்கள். வணிகத்தால் எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று அறிந்தவர்கள். திங்களுக்கு ஒருநாள் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மேசை போடுங்கள். வன விலங்கால் பயிர் இழந்தோரின் இழப்பீட்டு மனு, சூரிய மின்வேலிக்கு அனுமதி மனு, தந்தையின் துப்பாக்கி என்னாயிற்று என்று கேட்கும் மனு, எதுவாயினும் எழுதித் தருவோம். வேலி போட முடியாத ஏழை உழவர் ஒருவர்க்கு அதன் விலையில் ஒரு பங்கைத் தர உங்களில் எவரேனும் முன்வந்தால், அத்தோட்டத்துக் கொலைக்கம்பியை அன்றே அவிழ்த்துச் சுருட்டச் செய்யும் பொறுப்பு என்னுடையது. தாளும் எழுதுகோலும் நான் கொண்டுவருகிறேன். வரும் ஞாயிறே தொடங்கினாலும் எனக்கு இசைவே; தேவதானம் பக்கம் என்றால் காலை ஏழரைப் பேருந்தைப் பிடித்தால் வெயிலுக்கு முன் சென்று சேரலாம்.